மறு: ஜெர்மன் பெயராய்வில் கேனுஸ், செக்ஸுஸ், ஜெண்டர்

> மூன்றுக்கும் 'பாலினம்' போதுமே? இடம் பார்த்து வாசகர் புரிந்துகொள்வார்.

வணக்கம் ஐயா,

கேனுஸ் (சொல்லின் இலக்கணப் பால்), செக்ஸுஸ் (உடலின் பால்), ஜெண்டர் (சமூகம் வகுக்கும் பால்) மூன்றையும் 'பாலினம்' என்றே தமிழாக்கினால் புரிந்துகொள்வது கடினம். ஜெர்மனில் பெயருக்கு முன் வரும் சிறுசொல் பால் காட்டும்: பி.எம்.டபிள்யூ கார் என்றால் 'டெர்', ஆண்பால், பி.எம்.டபிள்யூ மோட்டார்சைக்கிள் என்றால் 'டீ', பெண்பால். பெயர் ஒன்றே, வண்டியின் வகை மாறினால் பால் மாறுகிறது. ஜெர்மன் தலைவர் பிஸ்மார்க்கின் பெயரைப் போர்க்கப்பலுக்கு வைத்ததும் 'டீ பிஸ்மார்க்' ஆகிவிட்டது. இதைப் பாலினம் என்றால் காருக்கு மீசை தேட வேண்டியதுதான்.

என் முன்மொழிவு: கேனுஸ் – சொற்பால், செக்ஸுஸ் – இயற்பால், ஜெண்டர் – பாலினம்.

மைன்ஸ் பல்கலைக்கழகத்தின் டாமாரிஸ் நியூப்லிங் முதலியோர் ஆராய்ந்த 'தாஸ் அன்னா' வழக்கை ('தாஸ்' அஃறிணை ஒருமைக்கு முன் வரும் சொல்) வைத்துச் சோதித்துப் பார்த்தேன். கொலோன் பக்கத்திலும் லக்சம்பர்க்கிலும் சுவிட்சர்லாந்தின் சில பகுதிகளிலும் பழகிய பெண்ணின் பெயர் அஃறிணை ஒருமையில் வரும். லக்சம்பர்க்கில் 'ஹாட்' (அது) என்பார்கள். அதே பெண்ணைக் குடும்பப்பெயரோடு மரியாதையாகச் சொன்னால் 'சி' (அவள்). இயற்பால் பெண், சொற்பால் ஒன்றன்பால். இரண்டில் எது வரும் என்பதை முடிவுசெய்வது உறவும் நெருக்கமும், அதாவது பாலினம் இயங்கும் களம். மூன்று சொல் இல்லாமல் இந்த வாக்கியத்தை எழுதவே முடியாது. 'அந்தப் பொண்ணு வந்துச்சு' என்று பேசும் நமக்கு இது எளிதில் பிடிபடும்.

> துறைக்குப் 'பாலினப் பெயரியல்'?

பெயர்களுக்கும் பாலினத்துக்கும் உள்ள உறவை ஆராயும் துறைக்கு இந்தப் பெயர் என்றால், இங்கே தயக்கம். தொல்காப்பியத்தில் பெயரியல் என்பது பெயர்ச்சொல் பற்றிய இயல், மாணவர் குழம்புவார். 'பாலினப் பெயராய்வு' என்றால் சிக்கல் இல்லை.

ஆனால் அதே இயலில் நமக்கொரு சொல் கிடக்கிறது: ஒருமை இயற்பெயர், அதாவது ஆண், பெண், அஃறிணை மூன்றுக்கும் ஒன்றாக வரும் பெயர். 'கோதை வந்தான், கோதை வந்தாள், கோதை வந்தது' என்று உரையாசிரியர்கள் காட்டுவது. ஜெர்மனியில் ஒரு பெண்குழந்தைக்குக் 'கிரண்' என்ற பெயரை மட்டும் வைக்கப் பதிவு அலுவலகம் மறுத்தது. பால் தெரியும்படி இரண்டாம் பெயர் வேண்டும் என்றது. வழக்கு அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போய், 2008இல் பெற்றோர் பக்கம் தீர்ப்பானது. கிரண் போன்றவற்றுக்கு அந்தப் பழஞ்சொல்லையே எடுத்தாளலாமா? 'ஒருமை' இன்றைய வாசகரை எண்ணிக்கைப் பக்கம் இழுத்துவிடும் என்பதால் 'பால்காட்டாப் பெயர்' எனக்குப் பிடித்திருக்கிறது. எதிரிணையாகப் 'பால்காட்டும் பெயர்' தானே அமையும்.

சொற்பாலுக்கு மறுப்பு இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள். கலைச்சொல் பட்டியலில் இன்னும் ஏற்றவில்லை.