19 வயசு மகன் டேர்போ கார் கேக்கிறான், என்ன சொல்லி மறிக்கிறது?

முரசுமோட்டையான்:

வணக்கம். கிளிநொச்சிப் பக்கம் முரசுமோட்டையிலை இருக்கிறன், இரணைமடுக் குளத்துத் தண்ணியிலை வயல் செய்யிற ஆள். மகனுக்கு 19 வயசு, அண்மையிலைதான் லைசன்ஸ் எடுத்தவன். மனிசியின்ரை தமையன் லண்டனிலை. "மருமோனுக்குக் கார் ஒண்டுக்கு நான் காசு போடுறன்" எண்டு சொல்லிப்போட்டார். வீட்டுக்கு ஒரு கார் தேவைதான். அம்மாவை யாழ்ப்பாணம் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போக ஒவ்வொருக்காலும் வான் பிடிக்கிறம்.

ஆனா மகன் ஒற்றைக்காலிலை நிக்கிறது ஒரு பழைய சுபாரு இம்பிரெசாவுக்கு. டேர்போ (எஞ்சினுக்கை காத்தை அமத்தி வலுவைக் கூட்டிற சாமான்) போட்டது, 280 குதிரைவலுவாம். கூட்டாளி ஒருத்தன் இரவிலை ஏ9 இலை, அதுதான் கண்டி–யாழ்ப்பாணம் றோட்டிலை, 160 கிலோமீற்றர் வேகத்திலை ஓடின வீடியோவைப் போனிலை எனக்கும் காட்டினான். பாத்து நெஞ்சு பதறிப்போச்சு. பிள்ளை கூடாதவன் இல்லை. குடி இல்லை, சொல்வழி கேக்கிறவன், சின்ன வயசிலையே உழவு மெசின் ஓடிப் பழகினவன். அதைத்தான் இப்ப என்னட்டைச் சொல்லுறான்: "அப்பா, எனக்கு ஓட்டம் தெரியும்." நான் மாட்டன் எண்டா மாமனிட்டை நேரை காசை வாங்கி எடுத்திடுவானோ எண்டும் பயமாக் கிடக்கு. அனுபவப்பட்ட ஆக்கள் சொல்லுங்கோ.

பழைய சாரதி:

தம்பி, நான் வவுனியா–முல்லைத்தீவு, வவுனியா–யாழ்ப்பாணம் எண்டு கன காலம் பஸ் ஓடினவன். உங்கடை மகனுக்கு ஓட்டம் தெரியும் எண்டதை நான் நம்புறன். ஓட்டம் தெரியாதவனை விட, தெரியும் எண்டு நினைக்கிற 19 வயசுக்காரனுக்குத்தான் நான் கூடப் பயப்பிடுறன்.

சண்டையாலை பூட்டிக் கிடந்த ஏ9 ஐ 2002 இலை திறந்த நேரம் அந்த றோட்டு எப்பிடிக் கிடந்தது எண்டு உங்களுக்குத் தெரியும். கிடங்குக்கை ஒருத்தரும் வேகம் பிடிக்கேலாது. சண்டை முடிஞ்சு காப்பெற் போட்டாப் பிறகுதான் இந்தப் பெடியள் வளந்தவங்கள். றோட்டு மாறிப்போச்சு, றோட்டுக்கரை மாறேல்லை. பரந்தனிலை இருந்து விசுவமடு, புதுக்குடியிருப்பு மட்டும் ஒருக்கா இரவிலை போய்ப் பாருங்கோ. மாரியிலை நிலம் ஈரம் எண்டு கட்டாக்காலி மாடுகள் தாரிலை வந்து படுக்கும். கறுத்த மாடு, கறுத்த தார். அறுவடை நேரம் பாதி றோட்டிலை நெல்லுக் காயும். பின்லைற் இல்லாமல் லான்ட்மாஸ்ரர் (ரெண்டு சில்லு உழவு மெசின்) பெட்டி போகும், வேலை முடிஞ்சு சைக்கிளிலை ஆக்கள் வருவினம். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் எண்டா ஆனையும் நிக்கும்.

இப்ப கணக்கைப் பாருங்கோ. 70 இலை ஓடேக்கை, கண்டு, காலை எடுத்து, பிறேக்கை அமத்தி, கார் நிக்க 55–60 மீற்றர் வேணும். அதுவும் காஞ்ச றோட்டிலை, நல்ல ரயரோடை. 100 இலை கிட்டத்தட்ட 100 மீற்றர். 140 எண்டா 170 மீற்றரளவு. எதிரை வாகனம் வந்து லைற்றை டிம் பண்ணினா உங்களுக்கு வடிவாத் தெரியிறது 50 மீற்றர், மிஞ்சினா 60. மிச்சத் தூரம் முழுக்க அவன் கண் தெரியாமல்தான் ஓடுறான். கார் எவ்வளவு திறமெண்டாலும், ஓடுறவன் எவ்வளவு கெட்டிக்காரனெண்டாலும் அந்த மாடு 50 மீற்றரிலைதான் தெரியும். ஊருக்கு வெளியிலை காருக்கு 70 எண்டு சட்டம் வைச்சிருக்கிறது பொலிஸ்காரன் தண்டம் எழுத இல்லை. இதைப் பேப்பரிலை எழுதி மகனுக்கு முன்னாலை வையுங்கோ. புத்தி சொன்னா உந்த வயசு கேளாது. கணக்கை அவனே போட்டுப் பாக்கட்டும்.

மெல்பேர்ண் வன்னியான்:

ஐயா, பெரியவர் சொன்னது சரி. நான் மாங்குளம், இப்ப அவுஸ்திரேலியாவிலை விக்டோரியா மாநிலத்திலை. இஞ்சை 21 வயசுக்குக் கீழை எண்டா 120 மணித்தியாலம் பக்கத்திலை பெரியாள் இருந்து ஓடிக் காட்டினாப் பிறகுதான் லைசன்ஸ். பிறகும் புதுச் சாரதி எண்டு காட்ட, காரிலை முதல் வருஷம் சிவப்பு "பி" தகடு, அதுக்குப் பிறகு மூண்டு வருஷம் பச்சை "பி" தகடு. சிவப்பு பி காரன் தன்ரை வயசுக் கூட்டாளியள் ஒருத்தருக்கு மேலை ஏத்தேலாது. ஏனெண்டா, தனிய ஒழுங்கா ஓடுற பெடியனே மூண்டு பேர் ஏறினா வேறை ஆளாகிடுவான்.

இன்னொரு சட்டம் உங்களுக்கு நேரை பொருந்தும். பி லைசன்ஸ்காரர் ஒரு தொன் நிறைக்கு 130 கிலோவாற்றுக்கு மேலை சக்தி உள்ள கார் ஓடேலாது. 280 குதிரைவலு எண்டா 206 கிலோவாற். கார் 1,400 கிலோ எண்டு வைச்சா ஒரு தொன்னுக்கு 147 வருது. மகன் கேக்கிற கார் இஞ்சை அவனுக்குத் தடை. ஒரு லீற்றர் எஞ்சின் போட்ட சின்ன ரொயோட்டா விட்ஸ் எண்டா 50 சொச்சம்தான்.

உங்கடை மச்சானோடையும் கதையுங்கோ. இங்கிலாந்திலை லைசன்ஸ் எடுத்து ரெண்டு வருஷத்துக்குள்ளை 6 தண்டப் புள்ளி விழுந்தா லைசன்ஸ் பறிபோகும். உந்தக் காருக்கு 19 வயசுப் பெடியன்ரை பேரிலை இன்சூரன்ஸ் கேட்டா என்ன விலை சொல்லுவினம் எண்டு அவருக்கு நல்லாத் தெரியும். லண்டனிலை தன்ரை பிள்ளைக்கு எடுத்துக் குடுக்காததை வன்னியிலை மருமோனுக்கு எடுத்துக் குடுப்பாரோ எண்டு நேரை கேளுங்கோ. அவர் அன்பிலை செய்யிறார். விளங்கப்படுத்தினா விளங்கிக்கொள்ளுவார்.

கராஜ் பெடியன்:

ஐயா, எனக்கு 26. கிளிநொச்சியிலை கராஜிலை வேலை. அந்தக் கார் எனக்கும் சரியான விருப்பம், அதாலை மகன்ரை ஆசை எனக்கு விளங்குது. ஆனா அது பிறந்து 20 வருஷம் தாண்டின சாமான். பழைய டேர்போ எஞ்சின் மெதுவாச் சுத்தேக்கை சும்மா கிடக்கும், நிமிஷத்துக்கு 3,000 சுத்துக் கிட்ட வர ஒரேயடியாத் தள்ளும். டிப்பரை முந்த வெளிக்கிடுறான் எண்டு வையுங்கோ. அக்சிலேற்றரை அமத்துறான், ஒண்டும் இல்லை, இன்னும் அமத்துறான், பிறகு முழுக்க ஒண்டா வருது. மழை றோட்டிலை அந்த நேரம் என்ன செய்யிறதெண்டு யோசிக்க நேரம் கிடையாது.

எந்தக் கார் எடுத்தாலும் இதுகளைப் பாருங்கோ. ரயர் பக்கத்திலை கடைசி நாலு இலக்கம்: 2316 எண்டா 2016 ஆம் ஆண்டு 23 ஆம் கிழமை செய்தது. பூ நல்லாத் தெரிஞ்சாலும் பழைய ரயர் இறுகிப்போயிருக்கும், ஈரத்திலை பிடிக்காது. சாவி போடேக்கை எயார்பாக் லைற் பத்தி, பிறகு அணையவேணும். பத்தவே இல்லையெண்டா ஆரோ கை வைச்சிருக்கினம். பின் சீற் பெல்ற்றையும் இழுத்துப் பாருங்கோ. அம்மா இருக்கப்போறது அங்கைதானே.

காரை எடுத்தாப் பிறகு ஆளில்லாத வெறும் வெளி ஒண்டிலை 40 இலை வந்து பிறேக்கை முழுக்க அமத்தப் பழக்குங்கோ. ஏபிஎஸ் (பிறேக் அமத்தேக்கை சில்லு இறுகி வழுக்காமல் பாக்கிற சாமான்) வேலை செய்யேக்கை பெடல் காலுக்கை நடுங்கும். முதல்தரம் அதை உணருற பெடியள் பயந்து காலை எடுத்திடுவாங்கள். எடுக்கக் கூடாது.

முரசுமோட்டையான்:

எல்லாருக்கும் நன்றி. மச்சானோடை ராத்திரிக் கதைச்சன். இன்சூரன்ஸ் கதை எடுக்க அவர் பேசாமல் இருந்திட்டு, "அத்தான், நீங்கள் சொல்லுற காருக்குத்தான் காசு" எண்டார். மகன் என்னோடை முகம் குடுத்துக் கதைக்கிறான் இல்லை. பெரியவர் சொன்ன மீற்றர்க் கணக்கை மட்டும் கொப்பியிலை தானும் போட்டுப் பாத்தவன், கண்டனான். முதல் வருஷம் இரவிலை கூட்டாளியளை ஏத்திறதில்லை எண்டு சொல்லியிருக்கிறன். ஓம் எண்டும் இல்லை, மாட்டன் எண்டும் இல்லை.

வவுனியாவிலை ஒரு ரொயோட்டா அக்ஸியோ கார் நிக்குதாம். ஞாயிறு போய்ப் பாக்கலாம் எண்டிருக்கிறம், மகனும் வருவான். கராஜ் தம்பி, நீரும் ஒருக்கா வரமுடியுமோ? நான் சொன்னா ஒரு மாதிரி, உம்மளவு வயசு ஆள் சொன்னா அவன் கேப்பான்.

கராஜ் பெடியன்:

வாறன் ஐயா. காலமை வெளிக்கிடுவம், பகல் வெளிச்சத்திலைதான் பாக்கவேணும். வரேக்கை ஓமந்தை மட்டும் நான் ஓடுறன், பிறகு அவன் ஓடட்டும், நான் பக்கத்திலை இருக்கிறன்.