மறு: ரூட் ரிஃப்ளெக்டர் - எதிரொளிப்பியா, தெறிப்பியா?

வணக்கம் எல்லாருக்கும்,

ரூட் ரிஃப்ளெக்டர்ங்கறது ஒரே நெட்வொர்க்குக்குள்ள ஒரு ரவுட்டர் சொன்ன ரூட்டை (டேட்டா போக வேண்டிய வழியை) மத்த ரவுட்டர்களுக்குச் சொல்ற ரவுட்டர். இதுக்குத் தமிழ்ல என்ன பேரு வைக்கலாம்ங்கறதுதான் பேச்சு. எதிரொளிப்பிக்கு ஆதரவா வந்தது இது:

> கண்ணாடி மாதிரி வந்ததை அப்படியே திருப்பி அனுப்புது, அதனால தட எதிரொளிப்பி போதும்

எனக்கு இந்த "திருப்பி"தான் இடிக்குது. அனுப்புனவனுக்கே திருப்பிக் குடுக்கறது இதோட வேலையே இல்ல, மத்தவங்களுக்குக் குடுக்கறதுதான் வேலை. தப்பித்தவறி அதே ரவுட்டருக்குத் திரும்பி வந்தாலும் ஒரிஜினேட்டர் ஐடில (ரூட்டை முதல்ல சொன்ன ரவுட்டர் யாருங்கற குறிப்புல) தன்னோட ஐடியைப் பாத்துட்டு அது தள்ளிடும்.

பேரு வைக்கறதுக்கு முன்னாடி இந்தப் பெட்டி ஏன் வந்துச்சுன்னு பாக்கணும். வெளி நெட்வொர்க்கோட பேசறப்ப ஏஎஸ் பாத்ல (ரூட் கடந்து வந்த ஏஎஸ்-களோட, அதாவது தனித்தனி நிர்வாகத்துல இருக்கற நெட்வொர்க்குகளோட, நம்பர் வரிசைல) தன் நம்பர் இருந்தா சுத்தி வந்த லூப்னு கண்டுபிடிச்சிடலாம், ஆனா ஒரே ஏஎஸ்-க்குள்ள அந்த நம்பர் சேராது, அதனால ஐபிஜிபில (ரவுட்டர்கள் ரூட்டைப் பரிமாறிக்கற பிஜிபி நெறிமுறையை ஒரே ஏஎஸ்-க்குள்ள ஓட்டறது) ஒரு கறாரான விதி: உள் இணைகிட்ட (அதே ஏஎஸ்-ல பிஜிபி பேசற இன்னொரு ரவுட்டர்கிட்ட) கத்துக்கிட்ட ரூட்டை இன்னொரு உள் இணைக்குச் சொல்லக்கூடாது. சொல்லக்கூடாதுன்னா எல்லாரும் எல்லார்கூடவும் நேரா செஷன் (பிஜிபி இணைப்பு) போட்டாகணும். 10 ரவுட்டருக்கு 45 செஷன், சரி பொழச்சுக்கலாம், 100 ரவுட்டருக்கு 4950, அதுல புதுசா ஒண்ணு சேத்தா மிச்சம் 100-லயும் போய் கான்ஃபிக் மாத்தணும், யாருக்கு ஆகும். 1996-ல ஆர்எஃப்சி 1966-ங்கற இணைய நெறிமுறை ஆவணம் வந்தப்பதான் இந்த விதியை ஒரு சில பெட்டிக்கு மட்டும் தளத்துனாங்க (இப்ப நடப்புல இருக்கறது 2006-ல வந்த 4456). அதே 100-ல ரெண்டை ரிஃப்ளெக்டர் ஆக்கி மிச்ச 98-ஐயும் (இதுங்கதான் கிளையன்ட்) ரெண்டுலயும் கோத்தா 197 செஷன்ல முடிஞ்சுது.

ஆக பேரு சொல்ல வேண்டியது இந்த விதிமீறலைத்தான். போன மடல்ல ஒருத்தர் "தடத்தேர்வி"ன்னு சொல்லியிருந்தாரு, சிறந்த ரூட்டைத் தேர்ந்தெடுக்கறது உண்மைதான், ஆனா அதை பிஜிபி பேசற எல்லா ரவுட்டரும் பண்ணுது. "மறுபகிர்வி" கேக்க நல்லாதான் இருக்கு, ஆனா ஓஎஸ்பிஎஃப் மாதிரி இன்னொரு ரூட்டிங் நெறிமுறைலேர்ந்து பிஜிபிக்கு ரூட்டைக் கொண்டுபோறதுக்கு மறுபகிர்வுங்கற சொல் வேணும், அதை இங்க செலவழிச்சிட்டா அங்க முழிக்கணும். "வழிமாற்றி" வேணவே வேணாம், ட்ராஃபிக்கே இது வழியாத்தான் போகுதுன்னு புதுசா படிக்கறவங்க நெனச்சுப்பாங்க, நெக்ஸ்ட் ஹாப்பை (டேட்டா அடுத்து எங்க போகணுங்கற முகவரியை) இது தொடாததால டேட்டா இந்தப் பக்கம் எட்டிப்பாக்காமலே போகலாம். ரிலேன்னு யோசிச்சு "தட அஞ்சலி"ன்னும் ஒண்ணு வந்துச்சு, மலர்வளையம் வெக்கறதுதான் பாக்கி.

என் ஓட்டு தடத்தெறிப்பி. இலங்கைப் பாடப்புத்தகத்துல எதிரொளிப்புக்குத் தெறிப்புன்னுதான் இருக்கு, அதனால மூலச்சொல்லையும் விட்டுப் போகல. நம்ம பேச்சுலயும் தெறிக்கறதுன்னா ஒரு இடத்துல பட்டு நாலா பக்கமும் போறது, இங்க நடக்கறது அதேதான். வினையாவும் நல்லா ஓடுது: "கிளையன்ட்டோட ரூட்டை எல்லாருக்கும் தெறிக்கும், கிளையன்ட் அல்லாதவன் ரூட்டை கிளையன்ட்டுக்கு மட்டும் தெறிக்கும்". எதிரொளிக்கும்னு நாலு தடவை சொல்லிப் பாருங்க, வாய் வலிக்கும். ("தெறிக்க விடறோம்"னு கிண்டல் வரும்தான், வரட்டும்.)

> தெறிப்புன்னா சிந்தறதுன்னு அர்த்தம் வராதா, ரூட் லீக்கோட குழம்பாதா

லீக்குக்கு (ரூட் போகக்கூடாத நெட்வொர்க்குக்குப் போயிடறதுக்கு) "கசிவு" ஏற்கனவே பேசி வெச்சிருக்கோம், ரெண்டும் மோதாது.

கிளையன்ட்டுக்கு மட்டும் இன்னும் மனசு ஒப்பல. வாடிக்கையாளர்னு போடக்கூடாது, பிஜிபில காசு குடுத்து இணைப்பு வாங்கற கஸ்டமர்னு ஒரு தனி உறவே இருக்கு. இங்க கிளையன்ட்டுக்குத் தான் கிளையன்ட்னே தெரியாது, அந்தப் பக்கம் சாதாரண ஐபிஜிபி கான்ஃபிக்தான், எல்லாம் தெறிப்பில எழுதறதுதான். அதனால "சார்திசைவி"ன்னு தற்காலிகமா வெச்சிருக்கேன், கிளஸ்டருக்கு (ரிஃப்ளெக்டரும் அதோட கிளையன்ட்டுகளும் சேந்தது) "தெறிப்புக் குழு", கிளஸ்டர் லிஸ்ட்டுக்கு (ரூட் கடந்து வந்த கிளஸ்டர்களோட வரிசை) "குழுவரிசை". பல நெட்வொர்க்குகள் ஒண்ணா இணையற எக்ஸ்சேஞ்சுகள்ல இருக்கற ரூட் சர்வரை இதோட சேக்காதீங்க, அது வேற வேற ஏஎஸ்-களுக்கு நடுவுல ஈபிஜிபி பேசறது, அதுக்குத் "தட வழங்கி"ன்னு தனி இழைல பேசலாம். சார்திசைவிக்கு மாத்து இருந்தா சொல்லுங்க, இல்லன்னா தடத்தெறிப்பியோட சேத்து இந்த நாலையும் கலைச்சொல் பட்டியல்ல ஏத்திடறேன்.