இலங்கை நேரத்துக்கு +5:30 மட்டும் போதுமா?

வாவிக்கரை (மட்டக்களப்பு): கிளினிக் பதிவேட்டுக்குக் கோட் எழுதுற ஆக்கள் ‘ஏசியா/கொழும்பு’ என்டு நேரவலயப் பெயர் போட்டு, நேரக் கணக்குக்கு ஒரு லைப்ரரியையும் (ஆயத்தக் கோட்) இழுத்து வைக்கிறாங்க. என்னத்துக்கு? நம்மட நாட்டில கோடைக்கு மணி மாத்துற வேலை இல்ல. யூடிசியில (உலகப் பொது நேரம்) சேமி, காட்டக்குள்ள 19,800 செக்கன், அதாவது அஞ்சரை மணி, கூட்டு. அவ்வளவுதான்.

கல்முனைக் கீபோர்ட்: இண்டைக்குச் சரி, பழைய பதிவுக்குப் பிழை. 1996 மே 25 இல +6:30 ஆகி, அதே வருசம் ஒக்டோபர் 26 இல +6 ஆச்சு. 2006 ஏப்ரல் 15 இலதான் திரும்ப +5:30. பிறந்த திகதி 10.03.2004 என்டு வைங்க. அண்டைய நள்ளிரவு யூடிசியில 09.03.2004, 18:00. அதுக்கு 19,800 கூட்டினா 9ஆம் திகதி இரவு 23:30 வரும். பிள்ளை ஒரு நாள் முந்திப் பிறந்திடும், பிறப்புச் சான்றிதழோட ஒத்துவராது.

வாவிக்கரை: அது திகதியை நேரமாச் சேமிச்சதால வந்த வினை. பிறந்த திகதிக்கு நள்ளிரவு எதுக்கு? திகதியை மட்டும் வைக்கிற ‘டேட்’ கொலத்தில போடு. உங்கட ஏசியா/கொழும்பிலயும் 25.05.1996 க்கு நள்ளிரவே கிடையாது, மணி 00:00 இல இருந்து 01:00 க்குத் தாவினது. ஜாவா மொழியின்ட பழைய நேர லைப்ரரி ஜோடா-டைம் அதுக்கு எரர் எறியும். புது ஜாவா.டைம் சத்தமில்லாம 01:00 ஆக்கிப்போட்டுப் போகும். மறுகா, ஷெயார்ட் ஹோஸ்டிங்கில (பலர் பங்கிடுற சேர்வர்) மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில நேரவலய அட்டவணை ஏத்தாம இருந்தா, நேரம் மாத்துற கன்வேர்ட்_டிஇசட் க்கு வலயப் பெயர் குடுத்தா ‘நல்’ (வெறுமை) தான் வரும். ‘+05:30’ குடுத்தா வேலை செய்யும்.

எழுவான்கரை: டேட் கொலம் என்டதில வாவிக்கரை சொல்றது சரி. ஆனா இங்க கூடுதலா நடக்கிற பிழை பிரவுசரில ஓடுற ஜாவாஸ்கிரிப்டில. திகதி தெரிவுப் பெட்டி உள்ளூர் நள்ளிரவைக் குடுக்கும். அதை யூடிசிக்கு மாத்தி எழுதுற டுஐஎஸ்ஓஸ்ட்ரிங் ஆக்கி முதல் 10 எழுத்தை வெட்டினா முதல் நாள்தான் சேமிக்கப்படும். வருசம், மாசம், நாள் மூண்டையும் உள்ளூர்க் கணக்கில தனித்தனியா எடுத்து ஒட்டுங்க. மாசத்தை அது 0 இல இருந்து எண்ணும், 1 கூட்ட மறக்காதீங்க.

கல்முனைக் கீபோர்ட்: மைஎஸ்கியூஎல்லில அட்டவணை இல்லாட்டி மாத்துற வேலையை சேர்வரில ஓடுற பிஎச்பி மொழியில செய்ங்க, அதுக்குள்ள வலயத் தரவு சேர்ந்தே வருது. வாட் அனுமதி நேரத்தை டேட் கொலத்தில போட ஏலாதே. 15.04.2006 இல 00:00 முதல் 00:30 வரை ரெண்டு தரம் வந்தது. ‘00:10’ என்டு எழுதியிருந்தா எந்த 00:10? பைத்தன் மொழியில முதல் தரமா ரெண்டாம் தரமா என்டதை ‘ஃபோல்ட்’ 0 அல்லது 1 என்டு நாமதான் சொல்லணும். தெரியாட்டி எழுதின நேரத்தை அப்படியே வச்சு, பக்கத்தில ‘சந்தேகம்’ என்டு ஒரு கொலம் போடுங்க.

வாவிக்கரை: அந்தப் பத்து வருசம் வாவிக்கு மேற்கே படுவான்கரையில, புலிகளின் கட்டுப்பாட்டில இருந்த பக்கம், பழைய மணிதானே ஓடினது? அங்க எழுதின பதிவுக்கு ஏசியா/கொழும்பு போட்டா அரை மணியாவது பிழைக்கும்.

கல்முனைக் கீபோர்ட்: பிழைக்கும்தான். வலயத் தரவுக் கோப்பிலயே அந்தப் பகுதிகளுக்கு இந்திய நேரமான ஏசியா/கொல்கத்தா பாவிக்கலாம் என்டு குறிப்பு இருக்கு. அதனால வலயப் பெயரைக் கோட்டில ஒரேயடியா எழுதாம, பதிவுக்குப் பதிவு கொலமா வைங்க. 1996க்கும் 2006க்கும் இடைப்பட்டதை எந்தக் கரையில எழுதினது என்டு பார்த்து நிரப்புங்க.

வாவிக்கரை: பழசுக்குச் சரி. புதுப் பதிவுக்கு நான் +5:30 தான்.

எழுவான்கரை: அடுத்த மாச கிளினிக் திகதிக்குமா? 1996 இல போல அரசாங்கம் திரும்ப மணியை ஒரு மணித்தியாலம் முன்னுக்கு மாத்தினா, கூட்டுற செக்கனையும் மாத்தவேண்டி வரும், அப்ப யூடிசியில சேமிச்ச 8:30 கிளினிக் 9:30 என்டு காட்டும். நோயாளியின்ட துண்டில 8:30 தானே இருக்கும்.