தயிரில் சாலட் டிரஸ்ஸிங் செய்தால் பச்சடி ஆகிவிடுகிறது

உறையூர்க்காரன்:

எனக்குச் சர்க்கரை. சோற்றுக்கு முன்னால் ஒரு தட்டு பச்சைக் காய்கறி சாப்பிடச் சொல்லி மூன்று மாதம் ஆகிறது. வெறும் வெள்ளரியையும் கேரட்டையும் மென்று தாடை வலிதான் மிச்சம். போன மாதம் மகள் சென்னையில் ஒரு ஓட்டலுக்குக் கூட்டிப்போனாள். அங்கே சாலட் மேல் வெள்ளையாக, கெட்டியாக ஒன்று ஊற்றியிருந்தார்கள். ரேஞ்ச் என்று பெயராம். தட்டை வழித்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து தயிரில் பூண்டு, மிளகு, உப்புப் போட்டு அடித்துக் காய் மேல் ஊற்றினேன். பத்தே நிமிடத்தில் தட்டெல்லாம் தண்ணீர். “இதற்குப் பெயர் வெள்ளரிப் பச்சடி. முப்பது வருஷமாக நான் போட்டபோது தொடவில்லை” என்றாள் வீட்டுக்காரி. அடுத்த நாள், யாரோ சொன்னார்கள் என்று பாலும் எண்ணெயும் மிக்சியில் ஓட்டினேன். கீழே பால், மேலே எண்ணெய், கழுவ ஒரு ஜார்.

முட்டை வேண்டாம், அவள் சாப்பிட மாட்டாள். தவிர, பச்சை முட்டை மயோனைஸுக்கு 2025 ஏப்ரலில் நம் அரசு ஓராண்டுத் தடை போட்டதிலிருந்து எனக்கும் பயம். கடை பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் முதல் பொருளே எண்ணெய். வேறு வழி உண்டா?

கோவை மாமி:

அண்ணா, தயிர் மேல் தப்பில்லை, தண்ணீர் மேல்தான். அரை லிட்டர் தயிரைப் பழைய வேட்டித் துணியில் கட்டி, வடிகட்டியில் வைத்து, அடியில் ஒரு பாத்திரத்தோடு ஃபிரிட்ஜில் ஐந்து மணி நேரம் விடுங்கள். பாதியாகிவிடும். துணியைப் பிரித்தால் நெசவின் வரி தயிர் மேல் பதிந்திருக்க வேண்டும், அதுதான் பதம். மிக்சியில் போடாதீர்கள், இளகிவிடும். முள்கரண்டியால் அடித்தால் போதும். பூண்டு ஒரே பல், உப்போடு அம்மியில் நசுக்கியது.

வெள்ளரியும் தண்ணீர் விடும். விதையை வழித்து, நறுக்கி, உப்புப் பிசிறி, பத்து நிமிடம் கழித்துப் பிழிந்துவிடுங்கள். அந்த உப்பே போதும், டிரஸ்ஸிங்கில் குறைத்துக்கொள்ளுங்கள். ஊற்றுவது சாப்பிட உட்காரும்போதுதான்.

மிக்சி மெக்கானிக்:

பாலும் எண்ணெயும் சேராததற்கு ஜார்தான் காரணமாக இருக்கும். பெரிய ஜாரில் பிளேடு மூழ்கியே இருக்காது. சட்னி ஜாரில் கால் டம்ளர் பாலுக்கு அரை டம்ளர் ரீஃபைண்ட் எண்ணெய், கொஞ்சம் கடுகுத்தூள். பல்ஸ் பக்கம் திருகி விட்டு விட்டு ஓட்டுங்கள், விடாமல் ஓட்டினால் ஜார் சூடாகிப் பிரிந்துவிடும். எலுமிச்சைச் சாறு கடைசியில்தான். புளிப்புப் பட்டதும் பால் இறுகிக் கெட்டியாகும். நல்லெண்ணெய் ஊற்றினால் தோசை மிளகாய்ப்பொடி வாசம்தான் வரும் (அனுபவம்).

ஆனால் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயே 120 கலோரி. உங்களுக்கு மாமி சொல்வதுதான் சரி.

டெக்சாஸ் தங்கம்:

இங்கே பீட்சாவைக்கூட ரேஞ்சில் தோய்த்துத்தான் தின்கிறார்கள். கலிஃபோர்னியாவில் சாண்டா பார்பரா பக்கம் ஸ்டீவ் ஹென்சன் என்பவர் 1950களில் தன் பண்ணை விடுதிக்கு வந்தவர்களுக்குப் பரிமாறி, அப்புறம் அதன் பொடியைத் தபாலில் விற்ற சங்கதி இது. அந்தப் பண்ணையின் பெயர்தான் ஹிடன் வேலி ரேஞ்ச்.

அதில் மயோனைஸும் மோரும் சரிபாதி. இங்கத்து மோர் நம் நீர்மோர் இல்லை, புளித்துக் கெட்டியாக இருக்கும். வடித்த தயிரில் இரண்டு கரண்டி கடையாத தயிர் கலந்தால் கிட்டத்தட்ட அந்தப் பதம். ஆனால் ஐயா, நீங்கள் தேடும் ருசி தயிரில் இல்லை. வெங்காயப் பொடி, பூண்டுப் பொடி, பச்சிலை, இந்த மூன்றிலும்தான். வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியைப் பொடியாக அரிந்து போடுங்கள். சோயிக்கீரை (இங்கே டில் என்பார்கள்) கிடைத்தால் ஒரு சிட்டிகை, அதிகம் போட்டால் அதுவே ஆளும். கலந்து ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் ஊறட்டும். உடனே ருசி பார்த்து உப்பைக் கூட்டிவிடாதீர்கள்.

உறையூர்க்காரன்:

நேற்றுச் செய்தேன். துணி வரி பதிந்தது! சோயிக்கீரை காந்தி மார்க்கெட்டில் கிடைக்கவில்லை. வெங்காயத்தாளும் கொத்தமல்லித் தண்டும் போட்டேன். வெள்ளரியைப் பிழிந்ததில் முக்கால் டம்ளர் தண்ணீர், இத்தனை நாள் அதைத்தான் பச்சடி ஆக்கியிருக்கிறேன். டிரஸ்ஸிங் கேரட் மேல் ஒட்டிக்கொண்டு அப்படியே நின்றது. ஓட்டல் ருசி இல்லை, கொஞ்சம் புளிப்பு தூக்கல். அடுத்த முறை அன்று உறைந்த தயிராக எடுக்க வேண்டும்.

வீட்டுக்காரி ஒரு வாய் எடுத்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் பார்த்தால் கிண்ணத்தில் பாதியைக் காணோம், பஜ்ஜிக்குத் தொட்டுக்கொண்டிருக்கிறாள்.

மாமி, வடிந்த தயிர்த் தண்ணீர் ஒரு சொம்பு இருக்கிறது. சப்பாத்தி மாவு பிசையலாமா?

கோவை மாமி:

தாராளமாக. மிச்சத்தை ரசத்தில் ஊற்றுங்கள், புளியைக் குறைத்து.