ஆழ்கடல் தண்ணீரைக் குழாய் போட்டு மேலே ஏற்றினால் என்ன தப்பு?

உப்புக்காற்று:
பெரு நாட்டுக் கடலைப் பாருங்கள். கரையை ஒட்டித் தெற்கிலிருந்து காற்று வீசுகிறது, பூமி சுழல்வதால் மேல்மட்டத் தண்ணீர் இடப்பக்கமாக நடுக்கடலை நோக்கி ஒதுங்குகிறது, காலியான இடத்தை நிரப்பக் கீழேயிருந்து குளிர்ந்த நீர் ஏறி வருகிறது. அதில் நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட் எல்லாம் கரைந்திருக்கும். வெளிச்சத்துக்கு வந்ததும் டயாட்டம் என்கிற நுண்பாசி பெருகும், அப்புறம் நெத்திலி பெருகும். பெரு, கலிபோர்னியா, நமீபியா, வடமேற்கு ஆப்பிரிக்கா என்று இந்த மாதிரிப் பெரிய பகுதிகள் நான்குதான். கடற்பரப்பில் 1 சதவீதம்கூட வராது, ஆனால் பிடிபடும் கடல்மீனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அங்கிருந்துதான். மற்ற கடல்களில் இதே உரம் இருட்டில் சும்மா கிடக்கிறது. 100, 200 மீட்டர் குழாய்களை மிதக்கவிட்டால் அலையே தண்ணீரை ஏற்றிவிடும், பாசி கரியமில வாயுவையும் உறிஞ்சிக்கொள்ளும் என்று லவ்லாக், ராப்லி என்கிற இரண்டு விஞ்ஞானிகள் 2007-லேயே நேச்சர் இதழில் எழுதிவிட்டார்கள். இன்னும் என்ன தயக்கம்?

வண்டல்:
உரம் மட்டும் தனியாக ஏறி வராதே! மேலிருந்து செத்து விழுந்தவை மக்கித்தான் ஆழத்தில் நைட்ரேட் சேர்கிறது, மக்கும்போது கரியமில வாயுவும் அதே நீரில் கரைகிறது. பாசியின் உடம்பில் 1 பாஸ்பரஸ் அணுவுக்கு 16 நைட்ரஜன், 106 கார்பன் என்று ஒரு கணக்கு உண்டு. மக்கினாலும் ஏறக்குறைய அதே விகிதம்தான். ஆக, பாசி எவ்வளவு இழுக்குமோ கிட்டத்தட்ட அவ்வளவையும் நீங்களே மேலே கொண்டுவந்து கொட்டியிருப்பீர்கள். உங்கள் பெரு கடலே காற்றுக்குள் கரியமில வாயுவை விடுகிற இடம்தான்.

உப்புக்காற்று:
சரி, கார்பனை விடுங்கள். என் பேச்சு மீனைப் பற்றியது. பெருவில் 1970-இல் 1 கோடி டன்னுக்கு மேல் நெத்திலி பிடித்தார்கள், 1972-இல் எல் நினோ, அதாவது சில வருடங்களுக்கு ஒருமுறை பசிபிக் கடல் சூடாகிற நிலை, வந்ததும் சரிந்துவிட்டது. அப்போதும் காற்று வீசத்தான் செய்தது. மேலே இருந்த வெதுவெதுப்பான அடுக்கு தடித்துப்போனதால் ஏறி வந்ததெல்லாம் சத்தில்லாத நீர். குழாய் என்றால் எந்த ஆழத்திலிருந்து எடுப்பது என்பது நம் கையில்.

வண்டல்:
அளவுக்கு மீறிப் பிடித்ததை அப்படியே மறைத்துவிட்டு எல் நினோ மேல் மட்டும் பழி போடுகிறீர்கள். குழாய் வைத்திருந்தாலும் வலை குறைந்திருக்காது.

இரும்புத்தூள்:
இரண்டு பேரும் இரும்பை மறந்துவிட்டீர்கள். அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள கடலில் நைட்ரேட் மேல்மட்டத்திலேயே வருடம் முழுக்க மிச்சமாகக் கிடக்கிறது, இருந்தும் பாசி குறைவு. இரும்புப் பற்றாக்குறைதான் காரணம் என்று கடல் விஞ்ஞானி ஜான் மார்ட்டின் சொன்னார். அவர் இறந்த பிறகு 1993-இல் பசிபிக்கில் இரும்பைக் கரைத்துப் பார்த்தபோது பாசி பெருகத்தான் செய்தது. கரையோரத்தில் ஆழமற்ற அடித்தரை வண்டலிலிருந்து இரும்பு கிடைக்கிறது. அந்த அடித்தரை குறுகலாக இருக்கிற கலிபோர்னியாவின் சில பகுதிகளில், நீர் மேலே வந்தும் நைட்ரேட் செலவாகாமல் மிஞ்சுகிறது. நடுக்கடலில் குழாய் போட்டால் இரும்புக்கு எங்கே போவீர்கள்?

உப்புக்காற்று:
இரும்பையும் சேர்த்துப் போடுவோம்.

வண்டல்:
2012-இல் கனடா மேற்குக் கரைக்கு அப்பால் ஒரு கூட்டம் சுமார் 100 டன் இரும்பு சல்பேட்டைக் கொட்டி உலகமே சத்தம் போட்டது நினைவில்லையா? அதைவிட நமீபியாவைப் பாருங்கள். பெருகிய பாசி அடியில் போய் அழுகி, ஆக்சிஜனைத் தின்று தீர்த்து, சேற்றிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு வெடித்துக் கிளம்பும்போது மீன்கள் செத்து மிதக்கும். இயற்கையாக நடக்கிற இடத்திலேயே இந்த நிலைமை.

உப்புக்காற்று:
நார்வேயில் ஒரு குறுகிய கடற்கால்வாயில் ஆழ்நீரை மேலே வரவைத்துச் சோதித்தார்கள், பாசி கூடியது, சிப்பி வளர்க்க உதவும் என்றார்கள். அதுவும் தப்பா?

இரும்புத்தூள்:
அங்கே தாராளமாகச் செய்யட்டும், மூன்று பக்கமும் கரை, அளந்து பார்க்கலாம், பிடிக்காவிட்டால் நிறுத்தலாம். திறந்த கடலில் இன்னொரு தொல்லையும் இருக்கிறது: ஏற்றிய நீர் குளிர்ந்தது, கனமானது, சுற்றியுள்ள வெதுவெதுப்பான நீரோடு நன்றாகக் கலக்காவிட்டால் பாசி வளர்வதற்குள் திரும்பக் கீழே இறங்கிவிடும். அதற்கு என்ன செய்வீர்கள், முதலில் அதைச் சொல்லுங்கள்.