வள்ளலார் சைவத்தை விட்டு வெளியேறினாரா, சைவத்திலேயே கனிந்தாரா?

மருதூரன் எழுதியது:

ஒருவருடைய இறைநம்பிக்கை வயதோடு எப்படி வளர்கிறது என்பதை அவருடைய சொந்த எழுத்தைக் கொண்டே பின்தொடர வேண்டுமென்றால், வள்ளலாரைவிடத் தெளிவான சான்று தமிழில் இல்லை என்று கருதுகிறேன். 1823இல் மருதூரில் பிறந்து, சிறு வயதிலேயே சென்னைக்கு வந்து, கந்தகோட்டத்து முருகனைப் பாடத் தொடங்கினார். ஏழுகிணறுப் பகுதி வீட்டின் மாடியறையில் கண்ணாடி ஒன்றை நிறுத்தி, அதன்முன் விளக்கேற்றி வழிபட்டபோது தணிகை முருகன் அதில் தோன்றியதாகச் சொல்வார்கள். பிறகு ஒற்றியூர்த் தியாகேசர், அதன்பின் தில்லை நடராசர் என்று அவருடைய பற்று நகர்ந்துகொண்டே போனது.

1873 அக்டோபரில் வடலூரை அடுத்த மேட்டுக்குப்பத்தில் கொடியேற்றி நிகழ்த்திய, பேருபதேசம் என்று அழைக்கப்படும் உரையில், சைவத்தின்மீது தமக்கு முன்பிருந்த பற்றுக்கு அளவே இல்லை என்றும், பழைய பாடல்களே அதற்குச் சாட்சி என்றும், அக்காலத்தில் தமக்கு இருந்தது அற்ப அறிவு என்றும் அவரே சொல்லிவிட்டார். அவரைச் சைவ அருளாளர் வரிசையில் உட்கார வைத்து மாலை போடுகிறவர்கள் இந்தப் பகுதியை மட்டும் ஏன் படிக்காமல் கடந்து போகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. தன் நம்பிக்கையின் முந்தைய வடிவத்தைத் துணிந்து கைவிட முடிந்தவரையே நான் முதிர்ந்தவர் என்பேன்.

சிற்றம்பலம் எழுதியது:

மருதூரன் ஐயா, பேருபதேசத்தை நாங்கள் கடந்து போகவில்லை. ஒரு நாள் பேசிய பேச்சை வைத்து ஐம்பது ஆண்டு வாழ்க்கையை அளப்பதைத்தான் மறுக்கிறோம். அவருடைய பாடல்களின் தொகுப்பான திருவருட்பா ஆறு திருமுறைகளாகப் பகுக்கப்பட்டிருக்கிறது. அதில் நடராசபதி மாலை எந்தத் திருமுறையில் இருக்கிறது? தாங்கள் ‘சைவத்தை விட்ட பிறகு’ என்று சொல்லும் அதே ஆறாம் திருமுறையில். 1,596 அடி கொண்ட அருட்பெருஞ்சோதி அகவல் தொடங்கிய உடனேயே சிவநெறியையும் சிவபதியையும் சொல்கிறது. வடலூருக்கு அவர் வைத்த பெயர் உத்தர ஞான சிதம்பரம். வெறுத்து வெளியேறிய வீட்டின் பெயரைப் புதிய வீட்டுக்கு யாரும் சூட்டமாட்டார்கள்.

தில்லையில் திரையை விலக்கினால் வெறும் வெளியும் தொங்கும் பொன் வில்வ மாலையுமே தெரியும்; அதைத்தான் இரகசியம் என்கிறோம். 1872 தைப்பூசத்தில் அவர் வடலூரில் தொடங்கிவைத்த ஞானசபையில் ஏழு திரைகள் விலகினால் சோதி தெரிகிறது. அருவத்தைத் திரைக்குப் பின்னால் காட்டும் முறையை அவர் எங்கிருந்து பெற்றார் என்று சொல்லவும் வேண்டுமா? சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று சைவம் சொல்லும் நான்கு படிகளையும் அரும்பு, மலர், காய், கனி என்று தாயுமானவர் அவருக்கு முன்பே பாடிவிட்டார். ஆகவே வள்ளலாரிடம் நிகழ்ந்தது, எங்கள் மரபு எதிர்பார்த்துக் காத்திருந்த முதிர்ச்சிதான்.

மருதூரன் எழுதியது:

தாயுமானவரின் உவமையையே எடுத்துக்கொள்வோம். காய் பிடித்த பிறகு மலர் கிளையில் தங்குவதில்லை, உதிர்ந்துவிடுகிறது. தாங்களோ கனியையும் கையில் வைத்துக்கொண்டு, மலரும் வாடவில்லை என்று வாதிடுகிறீர்கள்.

பேருபதேசம் ஒரு நாள் பேச்சு என்பதும் சரியில்லை. 1865இல் அவர் தொடங்கியது சமரச வேத சன்மார்க்க சங்கம். 1872இல் அதையே சமரச சுத்த சன்மார்க்க சத்திய சங்கம் என்று மாற்றினார். பேருபதேசத்துக்கு முந்தைய ஆண்டிலேயே, தாம் நிறுவிய அமைப்பின் பெயரிலிருந்து வேதத்தை எடுத்துவிட்டவர் எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தார் என்பதில் ஐயம் எழ இடமில்லை. முதல் நான்கு திருமுறைகள் 1867இலேயே தொழுவூர் வேலாயுத முதலியாரின் முயற்சியால் அச்சாகிவிட்டன. ஆறாவது 1885இல்தான், அதாவது அவர் மேட்டுக்குப்பத்தில் தாம் தங்கியிருந்த சித்திவளாகத்து அறைக்குள் சென்று மறைந்து பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகுதான், அச்சேறியது. அவர் காலத்தில் புத்தகம் வாங்கிப் படித்தவர்களின் கைக்கு இளமைக்காலப் பக்தர் மட்டுமே கிடைத்தார். அந்தப் படிமம்தான் இன்றுவரை சிற்றம்பலம் போன்றவர்களுக்குத் துணை நிற்கிறது.

கடலூர் கலைவாணி எழுதியது:

இருவரும் கடவுளின் பெயரையும் வடிவத்தையும் வைத்தே அளக்கிறீர்கள். ஒருவருடைய நம்பிக்கை வளர்ந்ததா என்பதை, அவர் கடவுளிடம் எதைக் கேட்கிறார் என்பதை வைத்துப் பார்க்கலாமே.

கந்தகோட்டத்தில் பாடிய தெய்வமணி மாலையில் ஒரு நீண்ட வேண்டுதல் பட்டியல் இருக்கிறது. ஒருமையுடன் திருவடியை நினைக்கும் உத்தமர்தம் உறவு வேண்டும். உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசுவார் உறவு கலவாமை வேண்டும். பொய் பேசாதிருக்க வேண்டும். நோயற்ற வாழ்வு வேண்டும். அத்தனையும் நல்ல கோரிக்கைகளே. ஆனாலும் அவை ஒரு நல்ல பிள்ளை தன்னைக் காத்துக்கொள்ளக் கேட்பவை. ஆறாம் திருமுறையிலும் அதே மனிதர் அதே ‘வேண்டும்’ என்ற முடிப்போடுதான் தந்தையிடம் விண்ணப்பிக்கிறார். அங்கே முதலில் வருவது, ஆருயிர்களுக்கெல்லாம் தாம் அன்பு செய்ய வேண்டும் என்பது. பிள்ளைப் பெருவிண்ணப்பத்திலோ, பிறர் பசித்ததைக் கண்டும் கேட்டும் தம் உடல் நடுங்கியதைச் சொல்லிச் சொல்லி முறையிடுகிறார். கேட்பவர் முருகனா நடராசரா சோதியா என்பது எனக்கு இரண்டாம் கேள்விதான்.

சிற்றம்பலம் எழுதியது:

அம்மா, தாங்கள் மேற்கோள் காட்டிய அதே தெய்வமணி மாலையில் இன்னொரு பாடலும் இருக்கிறதே. பிறரிடம் ‘ஈ’ என்று நின்று கேட்காத இயல்பு வேண்டும், தம்மிடம் ஒருவர் கேட்டால் இல்லை என்று சொல்லாமல் கொடுக்கும் திறம் வேண்டும் என்று அந்த இளைஞரே கேட்கிறார். உண்ணும்போது ஒரு கைப்பிடியைப் பிறர்க்குக் கொடுங்கள் என்று திருமூலர் சொன்னதும் சைவத்தில்தான். ஆக, ஈகையுணர்வு பிற்காலத்தில் முளைத்தது என்று காட்டுவது கடினம். விதை தொடக்கத்திலேயே இருந்தது, அதுவும் முருகன் சந்நிதியிலேயே.

கடலூர் கலைவாணி எழுதியது:

அந்தப் பாடலைத் தாங்கள் எடுத்துத் தந்தது என் வாதத்துக்குத்தான் உதவுகிறது ஐயா. அதில் ஈகை எப்போது நிகழ்கிறது? ஒருவர் வந்து கேட்ட பிறகு. வாசலுக்கு வருகிறவரை வெறுங்கையோடு அனுப்பாதிருப்பது இல்லறத்தார் அனைவருக்கும் சொல்லப்பட்ட அறம். 1867 மே மாதம் வடலூரில் சத்திய தருமச்சாலையின் அடுப்பை மூட்டியபோது அவர் யாரும் வந்து கேட்கக் காத்திருக்கவில்லை. வருகிறவரின் சாதியோ சமயமோ அங்கே கேட்கப்படுவதில்லை. அடுப்பும் இன்றுவரை அணைக்கப்படவில்லை. வரிசையில் அமர்ந்து சாப்பிட்டவர்களுக்குத் தெரியும், பரிமாறுகிறவர் இலையைப் பார்ப்பாரே தவிர முகத்தைப் பார்த்து விசாரிப்பதில்லை. கேட்டால் கொடுப்பதிலிருந்து கேளாமலே உலையேற்றுவது வரைக்கும் அவர் வந்த தூரத்தைத்தான் நான் வளர்ச்சி என்கிறேன். விதை தொடக்கத்திலேயே இருந்ததை நான் மறுக்கவே இல்லை.

புதுவை இளைஞன் எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். அருளாளர்களைப் பற்றிப் பேசுகிறீர்கள். எங்களைப் போன்றவர்களின் நிலை என்ன? எழுபது வயதைக் கடந்த என் பாட்டி இன்றும் விளக்கேற்றிவிட்டுப் பேரப்பிள்ளைகளின் தேர்வுக்காகத்தான் வேண்டுகிறார். மருதூரன் ஐயாவின் கணக்குப்படி அவர் முதிராமலே போய்விட்டவரா?

மருதூரன் எழுதியது:

தம்பி, தங்கள் பாட்டியைக் குறைசொல்வது என் நோக்கம் இல்லை. ஆயினும், வயது ஏறுவதையே நம்பிக்கையின் முதிர்ச்சியாக எடுத்துக்கொள்ள முடியாது. எண்பது வயதிலும் பத்து வயதுக் கோரிக்கையோடு இருப்பவர்கள் உண்டு. வள்ளலார் இடைவிடாத விசாரத்தை, அதாவது தன்னையும் கடவுளையும் பற்றி ஆராய்ந்து சிந்திப்பதை, வற்புறுத்தியது அதனால்தான். அது இல்லாமல் எந்த வழிபாடும் பழக்கமாக இறுகிவிடும். அவருடைய சபையிலேயே இது நடந்தது. அங்கே சிவலிங்க வழிபாடு தொடரலாமா என்ற வழக்கு நம் காலத்தில் அறநிலையத் துறை, உயர் நீதிமன்றம் என்று போனது. சோதியை மட்டும் பார்க்கச் சொன்னவருடைய இடத்துக்கே அந்தக் கதி என்றால், பழைய வடிவத்தைத் தெளிவாகக் கைவிடாததன் விளைவு அதுதான்.

சிற்றம்பலம் எழுதியது:

அதற்கு வேறு காரணமும் சொல்லலாம் ஐயா. அவர் இருந்தபோதே அவரோடு நடந்தவர்களில் பெரும்பாலோர் சைவர்கள். ஐம்பது ஆண்டுகளில் அவர் ஏறிய படிகளை ஒரே உபதேசத்தில் அவர்கள் ஏறிவிட முடியாது. அவருக்குக் கந்தகோட்டம் இருந்தது, ஒற்றியூர் இருந்தது, தில்லை இருந்தது. பின்னால் வருகிறவருக்கு அவை எதுவும் வேண்டாம், நேராகச் சோதிக்கு வா என்பது, நடந்து வந்த வழியை அடைத்துவிட்டு வரச் சொல்வதாகாதா? இந்தத் தம்பியின் பாட்டி ஏற்றும் விளக்கும், அந்த மாடியறைக் கண்ணாடிக்கு முன்னால் எரிந்த விளக்கும் ஒரே வகை. அந்த விளக்கு இல்லாமல் மேட்டுக்குப்பம் வரை அவர் வந்திருப்பார் என்பதற்கு மருதூரன் ஐயா இதுவரை ஒரு சான்றும் தரவில்லை.

கடலூர் கலைவாணி எழுதியது:

தம்பியின் கேள்விக்கு ஒன்றைச் சேர்க்கிறேன். பாட்டி எந்தச் சாமிக்கு விளக்கேற்றுகிறார் என்பதை விட்டுவிடுங்கள். தேர்வு எழுதும் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பெயரும் அந்த வேண்டுதலில் எப்போதாவது வருகிறதா என்று கவனியுங்கள். வந்தால், மருதூரன் ஐயா கேட்கும் விசாரம் அவர் வழியில் ஏற்கெனவே தொடங்கிவிட்டது என்பது என் கருத்து.