நறுமண இன்ஹேலர், சிறுவயது மனக்காயம்: பயன்படுத்திப் பழகியவர்கள் உதவ வேண்டும்

வணக்கம். சிறுவயது மனக்காயத்துக்கு ஆலோசனை பெறுபவர்கள், பதற்றம் ஏறும் நேரத்தில் கையில் வைத்துக்கொள்ள ஒரு நறுமணக் கையேடு தயாரிக்கிறோம். சிகிச்சைக்கு இது மாற்று அல்ல, துணை மட்டுமே. இரண்டு இடங்களில் முட்டி நிற்கிறோம்.

இப்போதைய முறை: இன்ஹேலரின் (முகர்வதற்கான சிறு குழாய்) பஞ்சுத்திரியில் நறுமண எண்ணெய் 10 சொட்டு. மூக்கைத் தொடாமல் பிடித்து இரண்டு மூச்சு, பாதம் தரையில் பதிவதைக் கவனித்தபடி. பிறகு மூடிவிட வேண்டும். தோலில் தடவ, 10 மி.லி. ஜோஜோபா எண்ணெயில் நறுமண எண்ணெய் 2 சொட்டு, அதாவது சுமார் 1 சதவீதம். சாதாரண பெர்கமோட்டை (ஒருவகை நாரத்தை இனப் பழத்தோல் எண்ணெய்) தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் புண்ணாகலாம்; அதற்குக் காரணமான ஃப்யூரோகூமரின் என்ற பொருளை நீக்கியதையே சேர்க்கிறோம். திறந்து நாளான லாவெண்டரும் வேண்டாம், அதிலுள்ள லினலூல் என்ற மணப்பொருள் காற்றுபட்டால் ஒவ்வாமை தரலாம்.

முதல் சிக்கல்தான் பெரியது. வாசனை, பயத்தையும் உணர்ச்சி நினைவுகளையும் கையாளும் மூளைப் பகுதியான அமிக்டலாவுக்கு மிகக் குறுகிய வழியில் போய்ச் சேர்கிறது. எனவே அமைதிக்கென்று கொடுக்கும் எண்ணெயே பழையதைக் கிளறிவிடலாம். அடித்தவரின் சோப்பில் லாவெண்டர் மணந்திருந்தால், அந்தக் குழந்தை வளர்ந்த பிறகும் லாவெண்டர் ஆறுதலாகாது. காகிதப் பட்டையில் ஒரு சொட்டு விட்டு, ஆலோசகர் பக்கத்தில் இருக்கும்போது முகரச் சொல்கிறோம். உடல் விறைத்தாலோ மரத்துப்போனாலோ உடனே நிறுத்துகிறோம். இதைவிட மென்மையான முன்சோதனை உண்டா?

அடுத்தது: பதற்றத்தின்போது மட்டும் முகர்ந்தால் அந்த மணமே பதற்றத்தோடு ஒட்டிக்கொள்கிறது. அமைதியான நேரத்தில் பழக்க எத்தனை நாள் கொடுக்கிறீர்கள்? ஆஸ்துமா உள்ளவர்களுக்கு எண்ணெய்க்குப் பதில் என்ன தருகிறீர்கள்?